முகவரி போதாதா? வீட்டில் கற்கும் குழந்தைகள் குறித்துப் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், அத்துறையின் கீழ் இயங்கும் பொது நூலக இயக்ககம், அரசுத் தேர்வுகள் இயக்ககம், தொடக்கக் கல்வி இயக்ககம் ஆகியவற்றின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பாடம் படிக்கும் இரண்டு குழந்தைகளின் தாய் நான், மதுரையில் வசிக்கிறேன். மக்களின் வரிப்பணத்தில் எழுந்த ஆய்வகம், விளையாட்டுத் திடல், கோடை முகாம் என்று குழந்தைகளுக்காக அரசு நடத்தும் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது, பெயர், வயது, முகவரி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் ‘பயிலும் பள்ளி’ என்றொரு கட்டம் வருகிறது. அதற்குக் கீழே தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இடவேண்டிய இடமும் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அந்த ஒரு கட்டத்தைப் பற்றியும், அதற்கு மாற்றாக உங்கள் துறையே எளிதில் செய்துதரக்கூடிய ஒரு வழியைப் பற்றியும் எழுதவே இந்த மடல்.

எந்த அலுவலகத்திற்குப் போனாலும் பேச்சு சட்டத்தில்தான் தொடங்குகிறது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் கூறுகிறது. அக்கடமையைச் செய்யாதவருக்கு இன்ன தண்டனை என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. கட்டாயக் கல்வி என்பதை அரசின் கடப்பாடாகவே 8ஆம் பிரிவு விளக்குகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. வீட்டில் கற்கும் மற்றக் குழந்தைகளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அது சரியா தவறா என்று வாதிட நான் வரவில்லை. அதை நீதிமன்றமும் சட்டமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை இந்தக் குழந்தைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் வாகன உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறார். நான் சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு வரை பள்ளிக்குச் சென்றாள்; மகன் பள்ளியில் சேர்ந்ததே இல்லை. தமிழிலேயே, அவரவர் வேகத்திலேயே படிக்கட்டும் என்பதுதான் நாங்கள் இந்த முடிவுக்கு வந்த காரணம். பிற குடும்பங்களின் காரணங்கள் வேறு: கற்றல் குறைபாடு, உடல்நலக் குறைவு, ஊர் ஊராக மாற்றலாகும் வேலை, சக மாணவர்களின் தொந்தரவு. பள்ளிகள்மீது எங்களுக்குப் பகை ஏதும் இல்லை. நாங்கள் படிப்பதும் தமிழ்நாடு அரசின் பாடநூல்களைத்தான். 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள், குறிப்பாக ஆறாம் வகுப்புக்கு மேல், நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை இணையத்தில் எவரும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பார்ப்பவரிடம் எந்தப் பள்ளி என்று கேட்பதில்லை. தாளிலும் திரையிலும் வரும் கல்வியை எல்லாருக்கும் பொதுவாக்கிய இதே துறை, கட்டடத்துக்குள் நடக்கும் கல்விக்கு மட்டும் முத்திரை கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வீட்டில் படிப்பது என்றால் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கள் பாடத்தில் பாதி ஊருக்குள்தான் நடக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அதுதான் என் மகனின் கணக்கு வகுப்பு. அன்றைய விலைப் பலகையில் கத்தரி, வெண்டை, அவரை, சின்ன வெங்காயம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். முக்கால் கிலோ அவரைக்காய்க்கு எவ்வளவு, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்பதை அவன் மனக்கணக்காகப் போடவேண்டும். தராசில் நிறுப்பவர் தொகையைச் சொல்வதற்கு முன்பே சொன்னால்தான் செல்லும் என்பது அவனே வைத்துக்கொண்ட விதி. விற்கும் அம்மாக்களுக்கும் இது தெரிந்துவிட்டது. சிலர் வேண்டுமென்றே தாமதித்துச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை, அவரிடம்தான் இவன் வேகமாகக் கணக்குப் போடக் கற்றான்.

வரலாற்றுக்கு இந்த ஊரில் பஞ்சமா? காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தம் ஆடையை அரையாடையாகக் குறைத்துக்கொண்டார். அந்த வீட்டின் முன் நின்று தொடங்கிய பாடத்தை, ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணியின் முன்பு முடித்தோம். மகள் அன்று வீட்டுக்கு வந்து யாரும் சொல்லாமலே மூன்று பக்கம் எழுதினாள். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபின், பானை ஓட்டில் கீறப்பட்ட ‘ஆதன்’ என்ற பெயரைத் தன் நோட்டில் அதே தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் எழுதிப் பழகி, அண்டை வீட்டுக் குழந்தைகளின் பெயர்களையெல்லாம் அப்படியே எழுதிக்கொடுத்தாள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் போனால் ஒரே மலையில் சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, வல்லூறு, சுனை எல்லாம் கிடைக்கின்றன. எந்த வகுப்பறைக்குள் இத்தனையைக் கொண்டுவர முடியும்?

போய்வரும் செலவும் பெரிதல்ல. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் கிடையாது. மகனுக்கு அரை டிக்கெட். சீருடையும் பயண அட்டையும் இருந்தால் அதுவும் இருக்காது. அந்தச் சில ரூபாயைக் கேட்டு நான் இந்த மடலை எழுதவில்லை, எனினும் “ஸ்கூல் லீவா தம்பி?” என்று நடத்துநர் கேட்கும்போதெல்லாம் அவன் என் முகத்தைப் பார்க்கிறான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி நூலகத்திற்கு வருகிறேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. குழந்தைகள் பிரிவில் தரையில் அமர்ந்து படிக்கலாம், விளையாடலாம், ஒருவரும் அதட்டுவதில்லை. பள்ளி நடக்கும் நேரத்தில் ஏன் வந்தாய் என்று எவரும் கேட்டதும் இல்லை. ஆயினும் எங்கள் அன்றாடம் அந்தப் பெரிய நூலகத்தைவிட, நடந்து போகும் தொலைவில் உள்ள கிளை நூலகத்தோடுதான் பிணைந்திருக்கிறது. காலை வேளையில் அங்கே நாளிதழ் படிக்கும் பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் இருப்பார்கள். சிறுவர் நூல்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் பெரும்பாலும் ஆள் இருக்காது. என் குழந்தைகள்தான் அதற்கு வாடிக்கையாளர்கள். எந்த நூல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மட்டுமன்றி, எந்த நூலின் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விடுதலைக்குப் பின் இந்திய மாநிலங்களில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நமது மாநிலம்தான். 1948இல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனின் உழைப்பு இருந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக வைத்தவர் அவர். அந்த வாசகர் எந்தப் பள்ளியில் படிக்கிறார் என்று அவர் நிபந்தனை வைக்கவில்லை. இன்றும் சொத்து வரியோடு அதில் 10 சதவீதம் நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது; சொந்த வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார், எங்களைப் போன்றவர்கள் வாடகை வழியாகக் கட்டுகிறோம். ஆகவே நூலகம் எங்களுக்கும் உரியது என்பதில் ஐயமில்லை. நூலகத்துக்குள் போவதில் எங்களுக்குச் சிக்கலும் இல்லை. சிக்கல், நூலகத்திலும் அதைச் சுற்றிலும் பிற அமைப்புகள் குழந்தைகளுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில்தான் தொடங்குகிறது.

நகரில் ஓரிடத்தில் கோடைக்கால அறிவியல் முகாம் அறிவித்தார்கள். மகள் ஆசையோடு வந்தாள். படிவத்தைக் கொடுத்தவர் நல்ல மனிதர். பள்ளியின் பெயர் இல்லாததைக் கண்டு எங்களைவிட அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார். “ஏதாவது ஒரு ஸ்கூல் பேரப் போட்டுருங்கம்மா, யாரு பாக்கப் போறா?” என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் எழுதிக் கொடுத்து ஒரு குழந்தையை அறிவியல் படிக்க அனுப்புவதா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த மனிதர்மீது எனக்குக் குறை இல்லை. முத்திரை இல்லாத படிவத்தை ஏற்றுக்கொண்டால் நாளை தணிக்கையில் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். அவருக்குத் தேவைப்பட்டது, இந்தக் குழந்தையை நான் அறிவேன் என்று பொறுப்புள்ள ஓர் அரசு ஊழியர் எழுதித் தரும் ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரியை எழுதக்கூடியவர் ஒருவர் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார். அவர்தான் கிளை நூலகர். அவர் உங்கள் துறையின் ஊழியர். குழந்தையின் பெயர், முகவரி, பெற்றோர் விவரம், உறுப்பினர் எண் யாவும் அவரது பதிவேட்டில் இருக்கின்றன. வாரந்தோறும் குழந்தையை நேரில் பார்க்கிறார்; அது என்ன படிக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அறுநூறு மாணவர் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு மாணவனைப் பற்றி அறிந்திருப்பதைவிட எங்கள் நூலகர் என் மகனைப் பற்றி அதிகம் அறிவார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது. ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: பள்ளியில் சேராத குழந்தைகளின் விண்ணப்பங்களில், தலைமையாசிரியரின் சான்றொப்பத்துக்குப் பதிலாக, குறைந்தது ஓராண்டு உறுப்பினராக உள்ள குழந்தைக்குக் கிளை நூலகர் அளிக்கும் சான்று செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. புதிய பணியிடமும் தேவையில்லை. நூலகருக்கு வேலைச்சுமை கூடுமே என்று கேட்டால், ஒரு கிளை நூலகத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள் என்பதே என் பதில்.

இப்படி ஒரு மாற்றுவழி உங்கள் துறைக்குப் புதிதும் அல்ல. எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத, பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். முதன்முறை விண்ணப்பிக்கும் குழந்தை மாற்றுச் சான்றிதழ் தரலாம், பள்ளிப் பதிவுத்தாள் நகல் தரலாம், அவை இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் நகலே போதும் என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஏற்றுக்கொள்கிறது. பள்ளி வாசலை மிதிக்காத குழந்தையையும் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களிலும் சோதித்து, தேறினால் அரசு முத்திரையோடு சான்றிதழ் தருகிறீர்கள். தேர்வுக்கு வந்து உட்காரப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்றால், அந்தத் தேர்வுக்கு முன்னால் ஒரு நுண்ணோக்கியைத் தொட்டுப் பார்க்க மட்டும் ஏன் பள்ளி முத்திரை வேண்டும்?

நுண்ணோக்கி என்று சொன்னது எடுத்துக்காட்டுக்காக மட்டும் அல்ல. பத்தாம் வகுப்புக்கு வரும்போது தனித்தேர்வர்களுக்கு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத்தேர்வு, 25 மதிப்பெண் செய்முறை. செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவுசெய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 சதவீத வருகை காட்டினால்தான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். விதி நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயிற்சிதான் பல குழந்தைகளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஆய்வகத்துக்குள் நுழையும் வாய்ப்பாக அமைகிறது. வீட்டில் முடிந்ததை நாங்கள் செய்கிறோம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புநீர் சொட்டினால் சிவக்கும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறும். ஜன்னல் வெளிச்சத்தை எதிர்ச்சுவரில் விழவைத்துக் குவிலென்சின் குவியத்தூரத்தை அளவுகோலால் அளந்தும் பார்த்துவிட்டோம். அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் இணைத்து மின்தடை காண்பதற்கும், தண்டின் குறுக்குவெட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பதற்கும் சமையலறை போதாது.

அரசு உயர்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்கள் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, 11 வயதுக்கு மேற்பட்ட பள்ளி சாராக் குழந்தைகளுக்கு, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஆய்வகத்தைத் திறந்துவைக்க முடியுமா என்று ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாசிரியருக்கான மதிப்பூதியத்தையும் உடையும் கண்ணாடிப் பொருட்களுக்கான செலவையும் பெற்றோரே பகிர்ந்துகொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வு எழுதும் இளைஞர்களுக்கும், தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுதுகிறவர்களுக்கும் அதே சனிக்கிழமை பயன்படும். அவர்களின் எண்ணிக்கை எங்களைவிடப் பல மடங்கு.

இதற்கெல்லாம் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, 14 வயதில், பத்தாம் வகுப்புக்கு இணையான இடைநிலை வகுப்பில் சேரலாம், ஆண்டுக்கு இருமுறை தேர்வு, தமிழ்வழியிலும் எழுதலாம். எங்கள் வட்டத்தில் சிலர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பணம் உள்ளவர்கள் பன்னாட்டுப் பாடத்திட்டத் தேர்வுகளுக்குத் தாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிப் போகிறார்கள்; தனியார் ஆய்வகம், தனியார் பயிற்சி, தனியார் முகாம் என்று அவர்களுக்கு எந்தக் கதவும் மூடியிருப்பதில்லை. வீட்டுக்கல்வி வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சு எழுவதற்கு இதுவே காரணம். பொது இடங்கள் எங்களுக்கு அடைபட்டால் அந்தப் பேச்சு உண்மையாகியும் விடும். உதிரிபாகக் கடைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் தன் குழந்தைகளுக்குத் தமிழில், மாநிலப் பாடத்திட்டத்தில், அரசு நூலகத்தை நம்பிக் கற்பிக்க முன்வருகிறது என்றால் அதை வரவேற்கவேண்டிய முதல் துறை உங்களுடையதுதான்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது வேறு துறையின் பொறுப்பு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர் பிரிவு 12 வயதில் தொடங்குகிறது, பொதுப்பிரிவோ 15 வயதில்தான் தொடங்குகிறது. இடையில் உள்ள வயதில் பள்ளி சாராத குழந்தைக்கு ஓடுகளத்தில் இடமில்லை என்பதை மட்டும் அத்துறையிடம் எடுத்துச் சொல்லுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரை என்று வயதை மட்டும் வைத்துப் பாட்டும் பரதமும் ஓவியமும் சிலம்பமும் கற்றுத்தருவதைப் போல மற்ற இடங்களிலும் இருந்தால் நன்றாக இருக்கும். சில அருங்காட்சியகங்களில் சிறுவருக்கு ஒரு கட்டணமும் பள்ளி மாணவருக்கு அதைவிடக் குறைந்த கட்டணமும் இருக்கின்றன. என் மகன் எப்போதும் சிறுவன்தான், மாணவன் அல்லன். அவனுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குத்தான்.

கடைசியாக, கணக்கெடுப்பு. ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் வீடுவீடாக வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். வெயிலில் தெருத்தெருவாக நடந்து வந்த அந்த அம்மையார் மோரைக் குடித்துவிட்டு, மகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மகனிடம் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கேட்டார். அவன் சொன்னதும் சிரித்துவிட்டு, தம் படிவத்தைப் பார்த்துத் திகைத்தார். படிவத்தில் இருந்தவை இரண்டே இரண்டு: இடைநின்ற குழந்தை, ஒருபோதும் பள்ளியில் சேராத குழந்தை. மகள் முதல் வகையில் சேர்ந்தாள், மகன் இரண்டாம் வகையில். செங்கல் சூளையில் கல் சுமக்கும் குழந்தையும், பானை ஓட்டு எழுத்தைப் படிக்கும் குழந்தையும் அரசின் ஏட்டில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதனால் எங்களுக்கு மனக்கசப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும்; உங்களுக்கும் கணக்கு தவறாகப் போகிறது, உண்மையிலேயே மீட்கப்பட வேண்டிய குழந்தைக்குச் செலவழிக்க வேண்டிய நேரம் எங்கள் வீட்டு வாசலில் கழிகிறது.

எனவே படிவத்தில் ‘வீட்டில் கற்கும் குழந்தை’ என்று மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்க்க வேண்டுகிறேன். இதில் ஓர் ஆபத்து இருப்பதை நான் அறியாதவள் அல்லள். குழந்தையை வேலைக்கு அனுப்புகிறவரும், பெண் குழந்தைக்குச் சிறு வயதிலேயே மணம் முடிக்க நினைக்கிறவரும் “வீட்டில்தான் படிக்கிறது” என்று சொல்லி அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியும். அப்படி ஒரு குழந்தையேனும் உங்கள் கண்ணில் படாமல் போகுமானால் இந்த வேண்டுகோளையே நான் கைவிட்டுவிடுவேன். அதனால்தான் பெற்றோரின் சொல்லை மட்டும் நம்பி அந்த வகையில் எவரையும் சேர்க்காதீர்கள் என்கிறேன். நூலக உறுப்பினர் பதிவும் நூலகரின் சான்றும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆசிரியர் பயிற்றுநர், பெற்றோர் இல்லாத இடத்தில், வேண்டுமானால் அந்த நூலகத்திலேயே, குழந்தையோடு தனியே பேசட்டும். பன்னிரண்டரை வயதுக்கு மேல் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதவேண்டும் என்றுகூட நிபந்தனை வையுங்கள். பள்ளிக்குத் திரும்ப விரும்பும் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதைக் குழந்தையின் காதில் படும்படி சொல்லுங்கள். எங்களைக் கண்காணிக்காதீர்கள் என்று கேட்கும் வீட்டுக்கல்விப் பெற்றோரும் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. கணக்கில் வராதவர்களுக்கு உரிமையும் வராது என்பது என் எண்ணம்.

நூலகர் சான்றுக்கான சுற்றறிக்கையைக் கோடை முகாம்களுக்கான அறிவிப்புகள் வருவதற்கு முன்பும், கணக்கெடுப்புப் படிவ மாற்றத்தை அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முன்பும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகச் சனிக்கிழமை பற்றி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடத்தினால், எங்களைப் போன்ற மதுரைக் குடும்பங்கள் குழந்தைகளோடும் அவர்களது நோட்டுகளோடும் வந்து கலந்துகொள்ளத் தயாராக இருக்கிறோம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் எங்களுக்கு வசதி. அன்று எங்கள் கிளை நூலகத்துக்கு விடுமுறை.

இப்படிக்கு,
இரு குழந்தைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் தாய்,
மதுரை.